பழைய காருக்குச் செலவு செய்வதா, விட்டுவிடுவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விலை குறைந்த பழைய கார் ஒன்று பட்டறையில் நிற்கிறது. மெக்கானிக் சொல்லும் தொகை, காரை விற்றால் கிடைப்பதைவிட அதிகம். வீட்டில் ஒருவர் "தலைமுழுகிவிடு" என்கிறார். இன்னொருவர் "இன்னும் ஐந்து வருடம் ஓடும்" என்கிறார். பல ஆண்டுகளாகப் பழைய கார்களையே வாங்கி, பழுது பார்த்து ஓட்டி வருகிறேன். அதனால் இந்த நிலையில் இருப்பவர்கள் என்னிடம் வந்து கேட்பதுண்டு. அந்தக் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் கீழே.

காரின் விலையைவிடப் பழுதுச் செலவு அதிகம் என்றால், விட்டுவிடுவதுதானே சரி?

இல்லை. இந்த ஒரு கணக்கை நம்பித்தான் நன்றாக ஓடக்கூடிய எத்தனையோ கார்களைப் பழைய இரும்புக்குப் போடுகிறார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழி வணிகச் சரக்குக்குப் பொருந்தும். நீங்கள் காரை வைத்திருப்பது விற்பதற்காக அன்று, போய்வருவதற்காக. ஆகவே பழுதுச் செலவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டியது இந்தக் காரின் விற்பனை விலையை அன்று. இது இல்லாவிட்டால் போய்வருவதற்கு என்ன செலவாகும் என்பதை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓடும் நிலையில் உங்கள் காரின் விலை 100 என்று வையுங்கள். பழுதுக்கு 120 கேட்கிறார்கள். பழுது பார்த்தால் இரண்டு ஆண்டு ஓடும் என்றால் மாதத்துக்கு 5. பழைய கார் என்பதால் சில்லறை வேலைகளுக்கு மாதம் 2 ஒதுக்குங்கள், மொத்தம் 7. இதற்குப் பதிலாக நம்பகமான வேறொரு கார் வாங்க 400 ஆகிறது. பெயர் மாற்றம், காப்பீடு, வாங்கியவுடன் போடவேண்டிய டயர், பேட்டரி எல்லாம் சேர்த்து 460. நான்கு ஆண்டு ஓட்டி 160-க்கு விற்றால், 48 மாதத்தில் 300 கரைந்திருக்கும், மாதம் 6.25. சில்லறைச் செலவு 1 சேர்த்தால் 7.25. இரண்டும் ஏறக்குறைய சமம். ஆனால் முதல் வழியில் கையிலிருந்து இன்று போவது 120, இரண்டாவதில் 460.

இதே கணக்கில் பழுது பார்த்த கார் பத்தே மாதத்தில் நின்றுவிட்டால், மாதத்துக்கு 12 ஆகிவிடும். அப்போது நட்டம்தான். எனவே மெக்கானிக்கிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு ஆகும்" என்பதன்று. "இதைச் செய்தால் எத்தனை மாதம் ஓடும், அதற்குள் வேறு என்ன வரும்?" என்று கேளுங்கள்.

இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். புதிய கார் ஒவ்வோர் ஆண்டும் விலை இறங்கிக்கொண்டே வரும். இரும்பு விலையை நெருங்கிவிட்ட காருக்கு இனி இறங்குவதற்கு இடமில்லை. இன்று 30-க்குப் போவது இரண்டு ஆண்டு கழித்தும் கிட்டத்தட்ட அதே 30-க்குப் போகும்.

போன மாதம்தான் நான்கு டயரும் பேட்டரியும் புதிதாகப் போட்டேன். அதை எப்படி விடுவது?

போட்ட பணம் போனதுதான். காரை வைத்திருந்தாலும் விற்றாலும் அது திரும்பி வராது. ஆனால் அந்த டயர்களில் மிச்சமிருக்கும் ஓட்டம் உண்மையானது. வரும் இரண்டு ஆண்டுச் செலவுப் பட்டியலில் டயர், பேட்டரி என்ற இரண்டு வரிகள் உங்களுக்கு இல்லை. அந்த அளவுக்கு மட்டும் அதைக் கணக்கில் எடுங்கள். "இவ்வளவு போட்டாயிற்று, இன்னும் கொஞ்சம்தானே" என்ற எண்ணம் வந்தால் அன்று முடிவெடுக்காதீர்கள்.

முதலில் எதைச் சோதிக்க வேண்டும்? எஞ்சினையா?

அடிப்பகுதியை. எஞ்சினைக்கூட மாற்றிவிடலாம், அரித்துப்போன உடலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இன்றைய சாதாரண கார்கள் பெரும்பாலானவற்றில் தனி அடிச்சட்டம் கிடையாது. தரைத் தகடு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற விளிம்பு, பக்கத் தூண்கள், முன்பக்க ஷாக் அப்சார்பரின் தலை அமரும் கோபுரம் எல்லாம் சேர்ந்துதான் சட்டமாக இருந்து பாரத்தைத் தாங்குகின்றன. விபத்து நடந்தால் அடியை வாங்கிக்கொள்வதும் அவையே.

கதவின் அடியோரத்திலும் சக்கர வளைவிலும் தெரியும் மேல்துரு அழகைக் கெடுக்கும், அவ்வளவுதான். பயப்படவேண்டியது ஜாக்கி வைக்கும் இடம், தரைத் தகடு, சஸ்பென்ஷன் கைகள் பொருத்தப்பட்ட இடங்கள், பிரேக் குழாய்கள் ஆகியவற்றில் பிடித்த துருவுக்குத்தான். காரை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகடு மந்தமாக ஒலிக்கும், செதில் உதிரும், சில இடங்களில் உள்ளே அமுங்கும். மேலே புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். பூச்சுக்குக் கீழே பட்டி வைத்திருந்தால் அந்த இடத்தில் காந்தம் ஒட்டாது.

துரு வேலையில் உறுதியான மதிப்பீடு கிடைப்பது அரிது. ஒரு கையகல ஓட்டையை வெட்டி எடுத்தால்தான் பின்னால் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை இந்த வேலையில் அடிக்கடி நடக்கும். ஒருமுறை நான் எஞ்சினை இறக்கி முழு வேலையும் செய்து முடித்த பிறகுதான், பின்பக்க சஸ்பென்ஷன் பொருத்தப்பட்ட இடம் ஓட்டையாக இருப்பது தெரிந்தது. நல்ல எஞ்சின், அதைத் தாங்க உடல் இல்லை. அன்றிலிருந்து அடியைப் பார்க்காமல் எஞ்சின் பேச்சை எடுப்பதில்லை.

எஞ்சின் போய்விட்டது என்கிறார்கள். உறுதி செய்வது எப்படி?

"எஞ்சின் போய்விட்டது" என்பது நோயின் பெயரே இல்லை. எது போனது என்று கேளுங்கள்.

புகையிலிருந்து தொடங்கலாம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்த சில நொடிகளுக்கு மட்டும் நீலமாக வந்து நின்றுவிட்டால், பெரும்பாலும் வால்வு சீல்கள் தேய்ந்திருக்கும்; ஓடும்போது ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங்குகள்மீது சந்தேகம். கறுப்பு என்றால் எரிபொருள் அதிகமாகப் போகிறது; அது பெரும்பாலும் சென்சார், இன்ஜெக்டர், காற்று வடிகட்டி வரையில் முடிந்துவிடும். எஞ்சின் சூடான பிறகும் நிற்காமல் அடர்த்தியாக, இனிப்பு வாடையுடன் வெள்ளைப் புகை வந்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் எரிகிறது. குளிர்ந்த காலையில் கொஞ்ச நேரம் வரும் மெல்லிய வெள்ளை ஆவி இயல்பானது.

அடுத்து கம்ப்ரெஷன் சோதனை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த இடத்தில் அழுத்தமானியைப் பொருத்தி, ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று பார்ப்பார்கள். நான்கு சிலிண்டரிலும் 12, 12, 11.5, 12 பார் (அழுத்தத்தின் அலகு) என்று வந்தால் அந்த எஞ்சினுக்கு உள்ளே உயிர் இருக்கிறது. ஒன்று மட்டும் 7 என்றால் அந்தச் சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் கசிவு மேலே, வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ (எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் குறைந்தால், அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் விட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம். ஹெட் வேலை, எஞ்சினை முழுதாக இறக்கிச் செய்யும் வேலையைவிட மிகச் சிறியது. இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளாமல் முடிவெடுப்பது, எக்ஸ்ரே எடுக்காமல் அறுவைக்குச் சம்மதிப்பது போன்றது.

ஹெட் கேஸ்கெட் சந்தேகத்தைத் தீர்க்க இன்னோர் எளிய சோதனையும் உண்டு. ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து, நீல நிறத் திரவத்தின் வழியாக அங்கிருந்து வரும் காற்றை இழுப்பார்கள். எரிந்த வாயு கூலன்டில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். ஆயில் மூடியின் அடியில் பாலேடுபோல் படிந்திருப்பதைக் காட்டி மட்டும் கேஸ்கெட் போய்விட்டது என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். குறுகிய தூரமே ஓடும் காரில் ஈரம் ஆவியாகாமல் தங்கி அப்படிப் படிவதுண்டு. ஆயில் அளவுக் கம்பியிலும் பால்போல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

ஆயில் குடிக்கும் எஞ்சினை உடனே திறந்துதான் ஆகவேண்டும் என்பதில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் குறைகிறது என்றால், வாரம் ஒருமுறை பார்த்து ஊற்றிக்கொண்டே சில ஆண்டுகள் ஓட்டலாம். நாளடைவில் சைலன்சர் குழாயில் இருந்து புகையின் நச்சைக் குறைக்கும் கேடலிடிக் கன்வெர்ட்டர் கெடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பெரிய கோளாறுபோல் மிரட்டும் சின்னக் கோளாறுகள் உண்டா?

நிறைய. விட்டுவிடலாமா என்று தயங்கி நிற்கும் கார்களில் இவைதான் பாதி என்று எனக்குத் தோன்றும்.

கார் ஸ்டார்ட் ஆகவில்லை, விளக்குகள் மங்குகின்றன, கருவிப் பலகையில் சம்பந்தமில்லாத எச்சரிக்கைகள் வருகின்றன. கம்ப்யூட்டர் போய்விட்டது என்பார்கள். பேட்டரியிலிருந்து எஞ்சினுக்கும் உடலுக்கும் போகும் எர்த் ஒயரின் முனையைக் கழற்றித் தேய்த்துப் பொருத்தினால் பலமுறை எல்லாம் சரியாகிவிடும். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும்.

சூடேறுவதும் அப்படித்தான். நெரிசலில் நிற்கும்போது மட்டும் முள் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் விசிறி, அதன் ரிலே, சென்சார் ஆகியவற்றைப் பாருங்கள். வேகமாக ஓடும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், நீர்ப்பம்பு. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் போனாலே கூலன்ட் கொதித்து வெளியேறும். ஆனால் முள் சிவப்பைத் தொட்ட பிறகும் "வீடு பக்கம்தானே" என்று ஓட்டினால், அலுமினிய ஹெட் வளைந்து, சின்னக் கோளாறு அந்தப் பத்து நிமிடத்தில் பெரியதாகிவிடும். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். ஆறும்வரை மூடியைத் திறக்காதீர்கள்; கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

கியர்பாக்ஸ் உறுமுகிறது என்று கழற்றச் சொல்வதற்கு முன், ஓடும்போது ஸ்டீயரிங்கை மெல்ல இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். உறுமல் அதற்கேற்பக் கூடிக் குறைந்தால் அது சக்கர பேரிங். விலை பல மடங்கு குறைவு.

எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. ஸ்கேன் செய்து, விலை உயர்ந்த பாகம் ஒன்றை மாற்றச் சொல்கிறார்கள்.

ஸ்கேனர் காட்டும் குறி ஒரு புகார் மட்டுமே, தீர்ப்பு அன்று. எடுத்துக்காட்டாக, பி0420 என்ற குறி கேடலிடிக் கன்வெர்ட்டரின் திறன் குறைந்திருப்பதாகச் சொல்லும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் இருப்பதால் அந்தப் பாகம் விலை உயர்ந்தது. ஆனால் அதற்கு முன்னால் புகைக்குழாயில் ஒரு கசிவு இருந்தாலும், பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சார் சோர்ந்திருந்தாலும் அதே குறி வரலாம். கன்வெர்ட்டர் உண்மையிலேயே போயிருந்தால், அதைக் கெடுத்தது எது என்றும் கேட்க வேண்டும். ஸ்பார்க் சரியாக விழாத ஒரு சிலிண்டர் எரியாத பெட்ரோலை அனுப்பி அதைப் பொசுக்கியிருக்கலாம். காரணத்தை விட்டுவிட்டுப் பாகத்தை மாற்றினால் புதியதும் பொசுங்கும்.

விளக்கு நிலையாக எரிந்தால் சில நாளில் பார்க்கலாம். விட்டுவிட்டு மின்னினால் எஞ்சினில் எரிதல் தவறுகிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்து நிறுத்துங்கள்.

டைமிங் பெல்ட் மாற்றும் கெடு வந்துவிட்டது. இவ்வளவு பழைய காருக்கு அது தேவையா?

இன்னும் ஓர் ஆண்டாவது ஓட்டுவதாக இருந்தால் தேவை. பிஸ்டன்களும் வால்வுகளும் ஒன்றுக்கொன்று இசைந்து இயங்கும்படி பிணைப்பது இந்த பெல்ட்தான். பெல்ட் அறுந்தால் பல எஞ்சின்களில் பிஸ்டன் மேலே வரும்போது திறந்திருக்கும் வால்வுகளில் மோதும். வால்வுகள் வளையும், சிலவேளை பிஸ்டனே உடையும். கையேட்டில் கிலோமீட்டருடன் ஆண்டுக் கெடுவும் இருக்கும். ஓடாமல் நின்ற காரின் ரப்பரும் முதுமை அடையும். பெல்ட்டோடு அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும், அந்த பெல்ட்டால் சுழலும் நீர்ப்பம்பையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். கூலியில் பெரும்பகுதி அங்கே போய்ச் சேர்வதற்கானது. அதை இரண்டு முறை கொடுக்க வேண்டாம். டைமிங் செயின் உள்ள எஞ்சின் என்றால் இந்தக் கெடு இல்லை, ஆனால் ஸ்டார்ட் செய்யும்போது கடகடவென்று சத்தம் வந்தால் அலட்சியம் வேண்டாம்.

கிளட்ச், கியர்பாக்ஸ்?

கிளட்ச் தேய்மானப் பொருள். மற்றவை நன்றாக இருந்தால் மாற்றுவதற்குத் தயங்காதீர்கள். உயர்ந்த கியரில் மிதிக்கும்போது எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் அது வழுக்குகிறது. தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றுவதே முறை. தானியங்கி கியர்பாக்ஸ் வேறு கதை. அதன் ஆயில் பழுப்பாகிக் கருகல் வாடை அடித்து, கியர் விழும்போது வழுக்கவும் செய்தால், மலிவான காரில் அந்த வேலையை நான் தொடமாட்டேன்.

எந்த வேலையைத் தள்ளிப்போடலாம்?

ஏ.சி., மின் கண்ணாடி, பெயின்ட், நசுங்கல், இருக்கைக் கிழிசல், மெதுவான ஆயில் கசிவு எல்லாம் காத்திருக்கும். பிரேக், ஸ்டீயரிங், பால் ஜாயின்ட் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் உருண்டை மூட்டு), டயர், சீட் பெல்ட் ஆகியவை காத்திருக்கக் கூடாது. "இன்னும் இரண்டு மாதம்தானே ஓட்டப்போகிறேன்" என்பது இவற்றுக்குச் செல்லாது. பிரேக் போவதற்கு ஒரு நொடி போதும், எதிரே வருபவர் உங்கள் கணக்கில் பங்கெடுத்தவர் இல்லை. ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பிரேக் ஆயிலை ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். டயரின் ஓரத்தில் DOT என்று தொடங்கும் குறியின் கடைசி நான்கு இலக்கங்கள் அதன் வயதைச் சொல்லும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. பட்டை நன்றாக இருந்தாலும் பக்கச் சுவரில் வெடிப்பு விட்ட டயரை நம்பாதீர்கள்.

பழைய உதிரிபாகங்களை வாங்கிப் போடலாமா?

கதவு, கண்ணாடி, விளக்கு, ஆல்டர்னேட்டர், ஸ்டார்டர் மோட்டார் ஆகியவற்றைத் தாராளமாக வாங்கலாம். பிரேக் பாகங்கள், பெல்ட்கள், ஏர்பேக், சீட் பெல்ட் கூடாது. பழைய எஞ்சினோ கியர்பாக்ஸோ வாங்கினால், வேலை செய்யாவிட்டால் பாகத்துக்கு மட்டுமா, கழற்றி மாட்டும் கூலிக்குமா உத்தரவாதம் என்று எழுத்தில் கேளுங்கள். பாகத்தைத் திருப்பித் தருவார்கள். இரண்டாவது கூலி உங்கள் தலையில் விழும்.

மெக்கானிக்கிடம் எப்படிப் பேசுவது?

ஒரு கோளாறுக்கான விலையை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். முழுப் பரிசோதனைக்குத் தனியே பணம் கொடுத்து, இன்றைக்கே செய்யவேண்டியது, ஆறு மாதத்துக்குள் வருவது, ஓர் ஆண்டுக்குள் வருவது என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். முடிவு அந்தப் பட்டியலின் கூட்டுத்தொகையில் இருக்கிறது. ஒரு கோளாறைச் சரிசெய்து, அடுத்த மாதம் இன்னொன்று, அதற்கடுத்த மாதம் வேறொன்று என்று தவணையில் இழப்பவர்கள் அந்தப் பட்டியலை ஒருபோதும் கேட்காதவர்கள்.

எப்போதாவது வந்து மறையும் மின்கோளாறு என்றால், தேடுவதற்கு மட்டும் இத்தனை மணி நேரம் என்று வரம்பு வைத்துச் சம்மதியுங்கள். பாகம் மலிவாகவும் தேடும் கூலி மிகுதியாகவும் முடிவது இந்த வகையில்தான். நல்ல மெக்கானிக் வரம்பைக் கேட்டுக் கோபப்படமாட்டார். "இதற்குமேல் செலவு செய்யாதீர்கள், எனக்கு வேலை போனாலும் பரவாயில்லை" என்று சொல்பவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்; அப்படிப்பட்ட ஒருவரால்தான் நான் இத்தனை காலம் பழைய கார்களில் தாக்குப்பிடித்தேன்.

செலவு சரி, பழைய கார் பாதுகாப்பானதா?

கணக்கில் பலர் சேர்க்காத கேள்வி இது. வழுக்கும்போது தனித்தனிச் சக்கரங்களில் பிரேக் பிடித்துக் காரை நேராக்கும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடு 1995-இல் விற்பனைக் கார்களில் வந்தது. ஆனால் அமெரிக்காவில் 2012 மாடல்களிலிருந்தும், ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய கார்கள் எல்லாவற்றுக்கும் 2014-இலிருந்தும்தான் கட்டாயமானது. ஏர்பேக்கும் இந்த வசதியும் இல்லாத காரில் நாள்தோறும் நெடுஞ்சாலையில் குழந்தைகளை ஏற்றிச் செல்பவர் என்றால், கணக்கு சமமாக வந்தாலும் மாற்றிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். உள்ளூரில் மெதுவாக ஓட்டுபவருக்கு அந்த அவசரம் இல்லை.

இன்னொன்று: காரின் 17 எழுத்து-இலக்க அடையாள எண்ணைக் கொடுத்து, திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள். டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகள் பல ஆண்டு வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்து உயிர்களைப் பறித்தன. பல நிறுவனங்களின் கார்களில் அவை இருந்தன. பழைய கார்கள்தான் அதில் அதிக ஆபத்துக்குரியவை.

அப்படியானால் எப்போது விட்டுவிட வேண்டும்?

பாரம் தாங்கும் தகடுகள் அரித்திருந்தால். வெள்ளத்தில் கருவிப் பலகை வரை மூழ்கியிருந்தால். பட்டியலில் எஞ்சின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் மூன்றும் ஒரே ஆண்டில் வந்து நின்றால். உதிரிபாகத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தால். எங்கே நின்றுவிடுமோ என்ற அச்சத்தில் இரவில் காரை எடுக்கவே தயங்குகிறீர்கள் என்றால், அதுவும் போதிய காரணம்தான். நள்ளிரவில் மருத்துவமனைக்குப் போகவேண்டியவருக்கு மாதாந்தரக் கணக்கு ஆறுதல் தராது.

விற்பது என்று முடிவு செய்தால் பழுது பார்த்து விற்பதா, அப்படியேவா?

பெரும்பாலும் அப்படியே. 120 செலவழித்தால் விலை 70 கூடும். மிச்சம் உங்களுக்கு நட்டம். கழுவித் துடைத்து, சர்வீஸ் ரசீதுகளை அடுக்கி, மெக்கானிக் எழுதித் தந்த பட்டியலையும் வாங்குபவர் கையில் கொடுங்கள். தானே பழுது பார்க்கத் தெரிந்தவர் அதைப் பார்த்தே நியாயமான விலை சொல்வார். பிரேக்கோ ஸ்டீயரிங்கோ கெட்டிருந்தால் ஓட்டிப்போக விடாமல் இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். பெயர் மாற்றம் முடிந்த சான்று கைக்கு வரும்வரை காப்பீட்டை ரத்து செய்யாதீர்கள்.